விரலுக்குக் கட்டிய விண்கலம்

போன மாதம் பெரியகுளத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் மாதிரிகள் செய்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த அதே வேலைதான். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் பிளாஸ்டிக்கை உருக்கி, அதுவே கொஞ்சம் கொஞ்சமாக விண்கலத்தைக் கட்டிவிடுகிறதாம். அந்த மெஷின் பழுதாகி நிற்கிறது, கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது என்றாள்.

"அக்கா, நீங்க வீட்டுச் சாமானை வச்சே எல்லாம் செஞ்சீகளாமே. என்னென்ன சாமான்னு சொல்லுங்க, வாங்கிட்டு வந்துர்றேன்."

"வாங்கக் கூடாதும்மா. வீட்டுல கெடக்கிறதத்தான் எடுக்கணும்" என்றேன். மாத்திரை அட்டை, ஷாம்பு மூடி, தீர்ந்துபோன பேனா ரீஃபில், கொசுவலைத் துண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் சிரித்துவிட்டு, "எத எடுக்கணும், எத விடணும்னு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள். அதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. எழுதித்தான் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஜைனம்பு. சொந்த ஊர் உத்தமபாளையம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையல் படித்தேன், ஓவியப் பரீட்சை எழுதினேன், கல்யாண மண்டபங்களுக்குத் தெர்மாகோலில் மாப்பிள்ளை பெண் பெயர் வெட்டிக் கொடுத்தேன். ஒரு அறக்கட்டளை அறிவியல் பஸ் ஒன்று விடப்போவதாகவும், அதற்கு எழுத்து வெட்ட ஆள் வேண்டும் என்றும் கூப்பிட்டார்கள். எழுத்து வெட்டப் போனவள் அங்கேயே இருந்துவிட்டேன்.

பழைய பஸ் அது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் மேடை அடித்து, அதில் மாதிரிகளை வைத்திருப்போம். கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நிற்போம். பஸ்ஸில் மூன்று பேர்: டிரைவர் போஸ் அண்ணன், பொறுப்பாளர் தங்கவேல் சார், நான்.

தங்கவேல் சார் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு செருப்பு டப்பா மூடியின் மேல் மாத்திரை அட்டையை ஒட்டினார். பக்கத்தில் இரண்டு ஷாம்பு மூடி, நடுவில் வளைத்து ஒட்டிய ஒரு ரீஃபில் துண்டு. எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறப் பெயின்ட். காய்ந்ததும் பஸ்ஸின் ஷட்டர்களை இறக்கிவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தார்.

"இப்பப் பாரும்மா."

நான் குனிந்து பார்த்தேன். மாத்திரைக் குழிகள் வரிசையாக நிற்கும் பெரிய தொட்டிகளாக இருந்தன. மூடிகள் குவிமாடங்களாகி நீள நீளமாக நிழல் போட்டன. ரீஃபில் துண்டு ஆறு மாதிரி வளைந்து ஓடும் குழாயாகியிருந்தது. ஏதோ ஒரு பெரிய நகரத்தின் மேலே நான் பறந்துபோகிறேன் என்றுதான் அந்த நொடியில் தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய் அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். டீ வடிகட்டி, இடியாப்ப அச்சின் அடித்தட்டு, குக்கர் வெயிட் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் எதையும் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் செய்து வைத்ததை உடனே பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் ஏதாவது ஒரு பாகத்தைத் தொட்டு, "இதுக்கு என்ன வேல?" என்பார். "சூட்டை வெளிய விடுற தகடு சார்", "தண்ணித் தொட்டி சார்" என்று நான் சொல்ல வேண்டும். "அழகுக்கு வச்சேன்" என்றால் அந்தப் பாகத்தைப் பூ மாதிரி கிள்ளி எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். கோபமே இருக்காது. அந்த ஒரு கேள்வியில்தான் நான் வேலை கற்றேன். பசையும் பெயின்டும் தவிர எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்பார்.

வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிற மாதிரி கற்பனையாக ஒரு பெரிய விண்கப்பலைக் கட்டினேன். ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அதைவிடக் கொஞ்சம் குறைவு. போர்வெல் போட்டு மிஞ்சிய பைப்தான் உடம்பு. முகப்பில் இட்லித் தட்டு, பின்னால் இஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய்ப் புனல்கள், இரண்டு விலாவிலும் தக்காளிக் கூடையின் அடிப்பாகம். ஷட்டரை இறக்கி, பக்கவாட்டில் விளக்கைப் போட்டால் பிள்ளைகள் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைவிட நல்ல வேலை என் கையிலிருந்து வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குப் போனோம். பிள்ளைகளோடு பாண்டீஸ்வரி டீச்சரும் பஸ்ஸில் ஏறினார். தமிழ் நடத்துகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. பிள்ளைகள் எல்லாம் கப்பலைப் பார்த்து நின்ற பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, எங்க பிள்ளைக சத்தம் போடாம நின்னு நான் கேட்டதே இல்ல. அப்படி என்ன இருக்கு அங்கன? நான் தொட்டுப் பாக்கலாமா?"

மேடையில் 'தொடாதீர்கள்' என்று நானே வெட்டி ஒட்டிய எழுத்துகள் இருந்தன. நான் சாரைப் பார்த்தேன். அவர் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். "இது புனல். மண்ணெண்ணெய் ஊத்துறது." விரல் மேலே நகர்ந்தது. "மாத்திரை அட்டை. ஷாம்பு மூடி. இது கூடை." முகப்புக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "அட, இட்லித் தட்டு!"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அவர்கள் கண்ணுக்கும் அது இட்லித் தட்டாகத்தான் தெரிந்திருக்கும். ஏனென்றால் என் கண்ணுக்கே அப்படித்தான் தெரிந்தது. என் கப்பல் என் கண்முன்னால் பாத்திரக் கடையாகிக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு அது புரிந்துவிட்டது. என் கையைத் தேடிப் பிடித்தார். "கோவிச்சுக்கிறாதீக அக்கா. வேல ரொம்பச் சுத்தம். ஆனா பிள்ளைக கப்பலப் பாத்துச்சுக. என் கைக்கு அடுப்படிதான் வருது."

"திரும்ப வர்றோம் டீச்சர்" என்றார் சார்.

திரும்பும்போது சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். சார் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் கப்பல் கண்ணுக்கு முடிஞ்சிருச்சும்மா. கைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"கைய ஏமாத்த முடியாது சார்."

"கண்ண நாம ஏமாத்தினோமா? நம்ப வச்சோம். கையையும் நம்ப வைக்கணும்."

பஸ்ஸில் இன்னொரு கப்பலுக்கு இடம் கிடையாது. புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் பழையதைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு புதியது சரியாக வராவிட்டால் எங்களிடம் ஒன்றுமே மிஞ்சாது. அந்தக் கல்வியாண்டோடு சாருக்குப் பஸ் பொறுப்பிலிருந்து ஓய்வு வேறு. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அடுப்படியில் எதைத் தொட்டாலும் டீச்சரின் குரல் கேட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய், நானே இட்லித் தட்டை நெம்பி எடுத்தேன். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மற்றதையும் பிரித்தேன்.

அதற்குப் பிறகு தாவணித் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டுதான் சாமான் தேடினேன். என் தம்பி மனைவி பார்த்துவிட்டு, "என்ன மதினி, இந்த வயசுல கண்ணாமூச்சி?" என்று சிரித்தாள். அவளையும் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுத்தேன். அவள் அதன் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பொருள் ஆகாது. அவள் அறியாததைப் போஸ் அண்ணனிடம் கொண்டுபோவேன். "இது டியூப் வால்வுதான, கண்ணக் கட்டினா எனக்குத் தெரியாதா" என்பார். அதுவும் போச்சு. இரண்டு பேரும் தடவித் தடவி விழித்தால்தான் எடுத்து வைப்பேன்.

அப்போது நான் தெரிந்துகொண்டதைத்தான் போனில் கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்தேன். விரல் ஒரு பொருளை அதன் விளிம்பை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. இட்லித் தட்டின் ஓரத்தை வெட்டி, குழிகளைத் தனித்தனியாகப் பிரித்து, கவிழ்த்துப் பாதி புதைத்து வைத்தேன். யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை அட்டை அமுங்கும்போது ஒரு சத்தம் கொடுக்கும், அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பின்பக்கம் சுவருக்குப் பூசுகிற பட்டியை நிரப்பினேன். கல் மாதிரி இறுகிவிட்டது. நாம் தினமும் கையில் பிடிக்கிற சாமான் எதுவும் ஆகாது. சாமானுக்கு உள்ளே இருப்பதுதான் ஆகும். ஓடாத கடிகாரத்தின் வயிறு, எரியாத கேஸ் லைட்டரின் உட்பாகம், பழைய சுவிட்சின் பின்புறம். இவற்றை யாருடைய விரலும் தொட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ச்சி. பிளாஸ்டிக்குக்கு எத்தனை பெயின்ட் அடித்தாலும் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இரும்பென்றால் கை முதலில் தேடுவது குளிர்ச்சியை. கடலை எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, ஓரத்தை மடித்துத் தேய்த்து, பைப் முழுவதும் சுற்றினேன். பொத்தலான பால் குக்கரின் அலுமினியத்தை இஞ்சின்களுக்கு வைத்தேன். பெயின்ட் அடிக்கவில்லை.

சார் வந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, கழற்றிப் பைக்குள் வைத்தார். பென்சிலையும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, "இதுக்கு என்ன வேல?" என்று கேட்டார். கப்பலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேட்டார். ஒன்றைக்கூடக் கிள்ளி எடுக்கவில்லை.

மறுபடி ஓடைப்பட்டிப் பக்கம் போனபோது திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் பஸ்ஸில் ஏறினார். பிள்ளைகள் வாசலில் முண்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கையை வைத்ததும் சட்டென்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

"குளுந்து கெடக்கே!"

மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். நின்றார். "இது என்னக்கா?"

முன்பு அவர் எனக்குச் சொன்னார்; இப்போது என்னைக் கேட்கிறார். "காத்தச் சுத்தம் பண்ணுற இடம் டீச்சர்." "இது?" "தண்ணித் தொட்டி." "இந்த வரி வரியா இருக்கிறது?" "சூடு வெளிய போற வழி." கடைசி இஞ்சின் வரை கேட்டார். எதன் பெயரையும் அவர் சொல்லவில்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு டீச்சர் கையை எடுத்து, மேடையோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

"என்ன டீச்சர்?"

"என்னன்னே தெரியாத ஒரு சாமான் அக்கா, அம்புட்டு நல்லா இருக்கு. ஆனா பிள்ளைக இதப் பெருசு பெருசுன்னு சொல்லுச்சுக. என் கைக்கு இது ஒரு தொட்டில் அளவுதான். இதுல ஆளுக எங்கன இருப்பாக?"

நான் ஆளே வைக்கவில்லை. வெளிச்சமும் நிழலும் கண்ணுக்குப் பெரிதாகக் காட்டிவிடும். ஆளுக்குத் தேவையே வந்ததில்லை. விரலுக்கு நிழல் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சாரைப் பார்த்தேன்.

"நம்ம மாதிரியோட அளவு நெசக் கப்பல்ல முந்நூறுல ஒரு பங்கு" என்றார் சார், தனக்குள் பேசுகிற மாதிரி. "அப்ப ஒரு ஆளு..." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டத்தட்ட ஒட்டிக் காட்டினார். "ஒரு அரிசி மணி."

நான் பஸ்ஸிலிருந்து குதித்துச் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினேன். சமையல் செய்கிற அம்மா ஒரு கை அரிசியை அள்ளிக் கொடுத்துவிட்டு, "என்னத்தா, கோழிக்கா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ஒரே ஒரு மணியை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான் டீச்சர் ஆளு. தலையில இருந்து கால் வரைக்கும்."

அவர் அதை விரல் நுனியில் உருட்டினார். "கதவு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. தகரத்தில் ஊசியால் கீறிச் சின்னதாகப் பள்ளம் பறித்திருந்தேன். அவர் விரலை அங்கே கொண்டுபோய் வைத்தேன். நகத்தால் அந்தக் கதவைக் கண்டுபிடித்து, அரிசி மணியை நிமிர்த்தி அதற்குள் நிறுத்திப் பார்த்தார். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது.

"இந்த ஆளு இங்கன இருந்து அந்த இஞ்சினுக்கு நடந்தா எம்புட்டு நேரமாகும்?"

"பஸ்ஸு நிக்கிற எடத்துல இருந்து நீங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர்ற நேரம்" என்றார் சார்.

டீச்சர் ஒரு கையில் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரல்களால் கப்பலின் மேல் நடக்க ஆரம்பித்தார். மிக மெதுவாக, ஒவ்வொரு அடியாக. "டீக்கடை வருது... ரேஷன் கடை... இங்கன ரைஸ் மில்லு, தவிட்டு வாசம் வரும்... கோயில்... வாய்க்கா பாலம்..." விரல்கள் இன்னும் இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. குரல் இறங்கிவிட்டது. "அம்புட்டும் ஒரே கப்பலா? அக்கா, அம்புட்டும் சேந்தா பறக்குது?"

வாசலில் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கட்டிய கப்பல் எவ்வளவு பெரியது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர் சாரின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "சார், நீளம் எனக்கு நடந்து தெரியும். உசரந்தான் தெரியாது. மலை மலைங்கிறாக. குமுளிக்கு பஸ்ஸு ஏறுறப்ப காது அடைக்கும், அதான் எனக்கு மலை. இந்த அரிசி நான்னு வச்சுக்கங்க. இங்கன நிக்கிற மேகமலை எம்புட்டு உசரம்?"

சார் கீழே இறங்கி மலையைப் பார்த்தார். உதடு கணக்குப் போட்டு முணுமுணுத்தது. திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தார். "இந்த பஸ்ஸு உசரம். அதுக்கு மேல ஒரு முழம்."

டீச்சரும் இறங்கிப் பஸ்ஸின் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். ஜன்னலுக்கு மேல் எட்டவில்லை. "ஏறிப் பாக்கவா?" என்றார்.

பின்பக்கம், கூரைக்கு ஏணி உண்டு. "கீழ விழுந்துட்டீகன்னா?" என்று சார் பயந்தார். "எங்க தோட்டத்துக் கெணத்துல படியிறங்கிக் குளிச்சவ சார் நான்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார் டீச்சர். ஏணியின் அடியில் தரையைத் துடைத்து அரிசி மணியை வைத்தேன். அவர் குனிந்து ஒருமுறை அதைத் தொட்டுக்கொண்டார். "ஏலே, மிதிச்சிராதீகடா" என்று ஒரு பையன் மற்றவர்களைத் தள்ளி நிறுத்தினான். போஸ் அண்ணன் முதலில் ஏறிக் கூரையில் நின்றார். நான் டீச்சருக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் ஒரு படி ஏறி நின்று, "இங்கன என்ன இருக்கு சார்?" என்று கேட்டார்.

சார் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திராட்சைத் தோட்டமெல்லாம் அடியில முடிஞ்சிருச்சு. இப்ப வெறும் பாறையும் முள்ளும்."

அடுத்த படி. "இங்கன?"

"காடு தொடங்குது."

"இங்கன?"

"மரம் அடர்த்தியா இருக்கு. வெயில் தரையில படாது."

"இங்கன?"

"மேகம் வந்து நிக்கிற எடம் டீச்சர். அதுக்கு மேல தேயிலை."

கூரையில் போஸ் அண்ணன் அவர் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். டீச்சரின் உள்ளங்கையை எடுத்து, தகரத்துக்கு மேல் ஒரு முழம் தூக்கி நிறுத்தினார். "இதான் டீச்சர் உச்சி."

டீச்சர் கையை அங்கேயே வைத்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தார். "அந்த அரிசி அங்கனதான் இருக்கா?"

"இருக்கு டீச்சர்!" என்றார்கள் பிள்ளைகள்.

"தெரியுதா?"

ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது டீச்சர்."

அவர் கை காற்றில் அப்படியே நின்றது. திராட்சை ஏற்றிய வண்டி ஒன்று ரோட்டில் போய் மறைந்தது.

"மலை பெருசு பெருசுன்னு எல்லாரும் சொன்னாகளே. நாம இம்புட்டுச் சின்னதுன்னு ஒருத்தருகூடச் சொல்லலையே!"

அந்தக் குரலில் வருத்தமே இல்லை. பெரிய சொத்து ஒன்று கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு. அவர் பத்திரமாக இறங்கியதும், அந்த மலைக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், நானும் ஏறுறேன்", "சார், நானு" என்று ஒரே சத்தம். சார் அவர்களை வரிசையில் நிறுத்தினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் குனிந்து அந்த அரிசி மணியைத் தொட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தது. கடைசியில் நானும்.